வரி ஒன்று

தலவாக்கலையில் என் கடை.
போட்டோகொப்பி, லெமினேட்டிங், படிவம் நிரப்பித் தரப்படும்.
மூன்றாவதுதான் சோறு போடுகிறது.

சிவனம்மா கொண்டுவந்த பேங்க் படிவத்தில்
முகவரிக்கு மூன்று கோடுகள்.
வரி ஒன்று, வரி இரண்டு, வரி மூன்று.
"எழுதுங்க தம்பி. மேல் டிவிசன், பத்தாம் நம்பர் லயம்."
"வீட்டு நம்பர்?"
"நம்பர் லயத்துக்கு. வீட்டுக்குக் கதவுதான் இருக்கு."

அன்று பின்னேரம் மழை பிடித்தது, கரண்டும் போனது.
போனில் மிச்சமிருந்த சார்ஜில்
அந்தச் சொல்லின் வீட்டைத் தேடிப் போனேன்.

லயம், லைன்.
பிரெஞ்சுக்காரனிடம் லீன்ய, ஜெர்மன்காரனிடம் லீனியெ.
போர்த்துக்கேயனிடமும் உண்டு, லீன்யா.
மேசையும் சாவியும் ஜன்னலும் தந்தவன்
இதை மட்டும் கொடுக்காமல் கப்பலேறிவிட்டான்.
கொடுப்பதற்கு வேறொருவன் பின்னால் வந்தான்.
எல்லோருக்கும் அடியில் லத்தீன்: லீனெயா.
பொருள், நூல்.
ஆளிச்செடியின் நாரில் திரித்தது.
கொத்தன் இரண்டு முளையில் கட்டி
விரலால் சுண்டிப் பார்ப்பானே, அந்த நூல்.

அவ்வளவுதானா?
பத்தடிக்குப் பத்தடி அறைகள் பன்னிரண்டு,
மூன்று தலைமுறைப் புகை குடித்த தகரம்,
அடுத்த வீட்டு இருமலை எண்ணிக்கொண்டே தூங்கிய இரவுகள்,
எல்லாம் முதலில்
நீலமாய்ப் பூக்கும் ஒரு செடியா?

அதே நூல்தான் அங்கே
தூண்டில் கயிறானது, ரயில் பாதையானது,
பட்டாளம் நிற்கும் ஒழுங்கானது,
ராஜாக்களுக்கு வம்சமும் ஆனது.
இங்கே வரும்போது அதற்கு
எங்களை அடுக்கி வைக்கிற வேலை.

இரண்டாம் வகுப்பில் டீச்சர்
"லயன் எங்கே, காட்டுங்க" என்றார்.
சிங்கப் படத்தை விட்டுவிட்டு
மூன்று பேர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினோம்.
அடி விழுந்தது. தப்பு எங்களுடையது என்று
இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது?
கோடு.
பழைய தமிழில் கோடு என்றால் மலை.
கோடுதல் என்றால் வளைதல்.
அவர்கள் நூலை இழுத்து நேர் பார்த்திருந்த காலத்தில்
நாம் வளைவுக்கும் மலைக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு
அதையே நோட்டிலும் கிழித்திருக்கிறோம்.
நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிறவளைக் கேளுங்கள்.
நிரை பாறையைக் கண்டால் விலகும்,
ஓடையைக் கண்டால் குனியும்.
நேராய் ஏறினால் மலை உதறிவிடும்.

அடுத்த வாரம் படிவம் திரும்பி வந்தது.
முகவரி போதாதாம்.
சிவனம்மா அதோடு போனையும் நீட்டினாள்.
ருமேனியாவிலிருந்து கோகிலவாணியின் குரல்,
பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்:
"அம்மா, இங்கயும் நான் லைன்லதான்.
நாலாம் நம்பர். லீனியேன்னு சொல்றாங்க.
இப்ப லினன் சட்டை தைக்கிறோம்,
தொட்டாலே கசங்குது."

சிவனம்மா சிரித்தாள்.
"பாத்தீங்களா, லயத்தத் தூக்கிக்கிட்டே போயிருக்கா."

அந்தத் துணியும் அந்தச் சொல்லும்
ஒரே செடி என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள்.
லைனில்தான்.

புதுப் படிவம்.
தொழில் என்ற இடத்தில் எழுதினேன்: தொழிலாளி.
கடைசியில் ஆளி நிற்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.
எந்த அகராதியும் இதை ஒத்துக்கொள்ளாது.
ஒத்துக்கொள்ளாமல் போகட்டும்.

"முகவரிக்கு இந்த வாட்டி என்ன எழுதப் போறீங்க?"
"உங்க வாசல்ல என்ன இருக்கு?"
யோசித்தாள். "பீப்பா ஒண்ணு. செவ்வந்தி. படி மூணு, ஒண்ணு ஒடஞ்சது."

வரி ஒன்றில் எழுதத் தொடங்கினேன்:
சிவனம்மா வீடு, உடைந்த படிக்கு மேலே, செவ்வந்தி...
தாளின் ஓரம் வந்துவிட்டது.
எழுத்து நிற்கவில்லை.
வளைந்து,
விளிம்போடு
மேலே ஏறியது.