அட்டை வாங்கப் போனோம்

பள்ளிக்கு எரிமலை செய்ய வேண்டும்,
அட்டையும் சிவப்புச் சாயமும்
காஸ்த்ரோவில்தான் கிடைக்கும்
என்று இரண்டு வீட்டிலும் சொன்னோம்.
பொய்யில் சிவப்பு எதற்கடி என்று
படகுத்துறையில் என்னைக் கிள்ளினாள் யானிரா.

மாதவிடாய் என்கிறது சொல்.
அவளுக்கு மாதம் முடியப்போகிறது, இன்னும் விடவில்லை.
இருபத்திமூன்று நாள்.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஐந்தைந்தாகக் கட்டிய பென்சில் கோடுகள்,
கைதி சுவரில் கீறுவதுபோல.
இடுப்பில் என் ஸ்வெட்டர்.
பெஞ்சிலிருந்து அவள் எழும்போதெல்லாம்
நான் பின்னால் நடக்க வேண்டும்.
அது ஒப்பந்தம்.

எங்கள் தீவிலும் ஆஸ்பத்திரி உண்டு.
பதிவு மேசையில் அவள் சித்தி.
மருந்துக் கடையில் என் ஞானத்தாய்.
ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்
ஞாயிறுதோறும் அவள் அப்பாவோடு சீட்டாடுபவர்.
இங்கே ஒருத்தி இருமினால்
பொழுது சாய்வதற்குள்
மூன்று வீட்டிலிருந்து கஷாயம் வரும்.
இதற்கு என்ன வரும்?
யார் அந்தப் பையன் என்று வரும்.
பையனே இல்லை என்பதை
எந்த மேசையில் பதிவு செய்வது?

படகு கடக்கச் சில நிமிடம்தான்.
அதற்குள் பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.
முகம், உரித்து வைத்த உருளைக்கிழங்கு.

வளரிளம் வயதினருக்கென்று தனி அறை,
புதன் பிற்பகல் மட்டும்.
மேசைக்காரர் பெயர் கேட்டார்.
யானிரா என்னைப் பார்த்தாள்.
"உள்ளே போய்ச் சொன்னால் போதும்" என்றார்,
குரலைத் தாழ்த்தாமல்,
மழை விட்டுவிட்டது என்று சொல்வதுபோல.

செவிலியின் காலணியில் சேறு.
பெயர்ப்பட்டை திரும்பிக் கிடந்தது.
"தோழியும் வரலாம், வேண்டாமென்றால் தனியாக.
நீ சொல்வதுதான்."
"தனியாக" என்றாள் யானிரா.

எனக்குச் சுருக்கென்றது.
இருபத்திமூன்று நாள் பின்னால் நடந்தவள் நான்.
கதவு மூடியது.
நல்ல கதவு. ஒரு சொல்கூடக் கசியவில்லை.

ஆகவே உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது.
இந்தக் கவிதைக்கும் தெரியாது.

எதிர் நாற்காலியில் ஒரு பையன்
தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனும் எங்கிருந்தோ
அட்டை வாங்க வந்தவன்.

நாற்பது நிமிடம் கழித்து வந்தாள்.
முழங்கை மடிப்பில் பஞ்சு,
அது நனைந்து மேலே இன்னொரு பஞ்சு.
மாத்திரைகளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டாள்.

திரும்பும் படகில்
ரொம்ப நேரம் நீரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"உனக்குச் சும்மாவே மூக்கில் இரத்தம் வருமா?"
"இல்லையே."
"பல் பிடுங்கினபோது?"
"கொஞ்சம். ஞாபகமில்லை."
"எனக்கு விடிய விடிய.
எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்."
பிறகு,
"வீட்டில் வேறு யாருக்காவது இப்படியா என்று
தெரிய வேண்டுமாம்.
அவர்கள் ஒரு போன்கூடப் போட மாட்டார்களாம்.
நான் கேட்டால்தான் உண்டு."

அவள் அம்மாவுக்கு சால்மன் ஆலையில் கத்தி வேலை.
மீன் இரத்தம் பற்றி அந்த வீட்டில்
சாப்பாட்டு மேசையிலேயே பேசலாம்:
இன்று எத்தனை டன்,
எந்தப் பொடிக்குக் கறை போகும்.

வாசல்வரை பின்னால் நடந்தேன், பழக்கத்தில்.
அம்மா வெள்ளை பூட்ஸைக் குழாயில்
காட்டிக்கொண்டிருந்தாள்.
"எங்கே அட்டை?"

வாங்க மறந்தே போயிருந்தோம்.

நான் ஒரு பொய்யைத் தேடி வாய் திறக்குமுன்
யானிரா சொன்னாள்:
"அம்மா, என்னைப் பெற்றபோது
உனக்கு எப்போது நின்றது?"

குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது.
அம்மா கையில் ஒற்றை பூட்ஸ்.
முழங்கைக்கு மேலே ஒரு நீலக் கன்றல்,
அது எப்போதும் அங்கே இருப்பதுதான்,
நான் இன்றுதான் பார்த்தேன்.

ஸ்வெட்டரைத் திருப்பிக் கேட்காமல்
வீட்டுக்கு நடந்தேன்.