பன்றிக் காதுப் பதிவேடு

எரிந்ததில் தப்பியது இது ஒன்றுதான்.
1879இல் லாஃப்டன் கவுண்டி நீதிமன்றம் தீப்பிடித்த இரவு
கல்யாணப் பதிவு போனது, நிலப்பத்திரம் போனது,
இரண்டு கொலைவழக்கின் சாட்சியம் போனது.
ஏனோ ஒரு குமாஸ்தா வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த
பன்றிக் காதுப் புத்தகம் மட்டும்
அவன் சமையலறையில்
மாவு டின்னுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்போதெல்லாம் டெனசியில்
வேலி பயிருக்குத்தான், பன்றிக்கு இல்லை.
ஓக் காட்டில் அவிழ்த்துவிடுவார்கள்.
விதை தின்று கொழுத்தபின்
காதைப் பார்த்துப் பிரிப்பார்கள்.
இடக்காது நுனிவெட்டு, வலக்காதில் துளை: ஹெசகையா போக்.
இரண்டு காதும் தகைவிலான் வால் போல: விதவை ஸ்டிரிக்லர்.

பதினோரு வருடமாய் இங்கே துணைப் பதிவாளர் நான்.
வேட்டைக்கு லைசென்ஸ், நாய்க்கு வில்லை,
டிரெய்லருக்கு வரி.
வம்சம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை வருவார்கள்,
ஏனென்று தெரியாது.
எல்லாருக்கும் ஒரு தளபதி வேண்டும்.
கிடைப்பது வேலித் தகராறு.

மார்ச்சில் டொலீடோவிலிருந்து லுவெட்டா மேபரி வந்தாள்.
தபால் பிரிக்கும் வேலை. கையில் ஒரு நகல்.
1860, அடிமைகளின் கணக்கு.
ஜே. மேபரி என்று உடையவன் பெயர்,
அதன்கீழ்
ஆண், 24. பெண், 19. ஆண், 2.
பெயருக்கென்று கட்டமே போடாத தாள்.
"இதில் ஒருவர் என் ஆள்,
எந்த வரி என்றுதான் தெரியவில்லை" என்றாள்.

கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.
வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல்
பன்றிப் புத்தகத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.
திரும்பி வந்தபோது
212ஆம் பக்கத்தின் மேல் அவள் விரல்
தாளைத் தொடாமல் நின்றிருந்தது.

மே 9, 1868.
லிட்டில்டன் மேபரி, கறுப்பர்.
வலக்காதில் இரு பிளவு, இடக்காது முழுசு.
கட்டணம் இருபத்தைந்து சென்ட், செலுத்தினார்.
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி,
மை கொஞ்சம் அதிகம்.

"எத்தனை பன்றி?" என்று கேட்டாள்.
அதை எழுதமாட்டார்கள் என்றேன்.
ஒன்றாவது இருந்திருக்கும் என்றேன்.
சிரித்தாள். சிரித்தபடியே பக்கத்தைத் திருப்பினாள்.

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.
நவம்பர் 2, அதே வருடம்.
ஆசா ட்ரூஹிட், தன் அடையாளத்தை மாற்றிக்கொள்கிறார்:
இனி வலக்காதை அடியோடு வெட்டுவது.

அடியோடு வெட்டிய காதில்
முன்னால் எத்தனை பிளவு இருந்தது என்று
யாராலும் சொல்ல முடியாது.
அதற்காகவே அப்படி வெட்டுகிறவர்கள் இருந்தார்கள்.
ஆசா அதற்காக வெட்டினாரா என்பது
புத்தகத்தில் இல்லை.

அவள் இருமுறை படித்தாள்.
பிறகு என் மேசையில் இருக்கும் பித்தளைப் பலகையைப் படித்தாள்:
மார்வா ட்ரூஹிட், துணைப் பதிவாளர்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி
ரொம்ப நேரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

சான்றிட்ட நகல் பக்கத்துக்கு இரண்டு டாலர்.
முதல் பக்கத்துக்கு முத்திரை அழுத்தினேன்.
"காசு வேண்டாம்" என்று வாயெடுத்தேன்.

நாலு டாலரை எண்ணி வைத்தாள்.
"இரண்டு பக்கமும்.
ரசீதில் என் பெயரை
முழுசாக எழுதுங்கள்."