மொட்டைமாடியின் செக்குபந்தி

வடக்கே மாரப்பன் வீட்டுச் சுவர்.
தெற்கே பொதுச்சந்து, சாக்கடை உட்பட.
கிழக்கே பட்டறைத் தகரக் கூரை.
மேற்கே யார் பேரிலோ ஒரு காலிமனை.
மேலே என்று பத்திரத்தில் எதுவுமில்லை.

அந்த மேலேயைத்தான்
சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைகள் இருபத்திரண்டு
சீட்டுப் போடுவதுபோல் பணம் சேர்த்து
வாடகைக்கு எடுத்தோம்.
மாதையன் காப்பி ஆறும்வரை யோசித்தார்.
‘வெயில்தானே, எடுத்துக்கங்க’ என்றார்.

முத்திரைத்தாளில் பதினொரு மாதம் என்று அடித்தார் டைப்பிங்காரர்.
ஏன் பதினொன்று?
‘வருசக் கணக்குன்னா ரிஜிஸ்தர் ஆபீஸ் போகணும்.
செலவு’ என்றார், விசையிலிருந்து விரலெடுக்காமல்.

பலகைக்கு உத்தரவாதம் இருபத்தைந்து வருடம்.
இரண்டு தாளையும் ஒரே கோப்பில் வைத்து
நாடா கட்டியவள் நான்தான்.
சங்கப் பொருளாளர். தொழில், பற்றவைப்பு.
கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே பொடிவைத்து
ஊதி ஊதிச் சேர்க்கத் தெரிந்த எனக்கு
அந்த இரண்டு எண்ணுக்கு நடுவே
விரிசல் தெரியவில்லை.

மூன்று முறை புதுப்பித்தோம்.
மூன்று முறையும் காப்பி.
நாலாவதுக்கு முந்தின வாரம்
மாதையன் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்ததும் பாகப் பேச்சு.
மூத்தவன் இளம்பரிதிக்குக் கீழ்த்தளம்.
பேரில் சூரியன் இருந்தும் அவனுக்கு மாடி வேண்டாம்.
தங்கை பூவிழிக்கு மாடி.
மாடி என்றால் மாடியில் இருப்பதும்
என்று நோட்டீஸ் வந்தது.

வக்கீல் ரெஜினா எங்கள் நியாயம் எதையும் கேட்கவில்லை.
போல்ட்டைப் பற்றிக் கேட்டார்.
காங்கிரீட்டில் இறக்கியதா? சும்மா வைத்ததா?
இறக்கியிருந்தால் அது கட்டடம் என்பார்கள்,
வைத்திருந்தால் சாமான்.
கட்டடம் வாரிசோடு போகும்.
சாமானை நீங்கள் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஆடிக்காற்றில் ஒன்றும் பறந்துவிடக் கூடாதென்று
நாலங்குலம் துளைத்து இறக்கியவன் தவசியப்பன்.
அன்றைக்கு அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தோம்.
இப்போது அவன் கூட்டத்துக்கு வந்தால்
கதவோரமே நிற்கிறான்.

பூவிழி ஒருநாள் பட்டறைக்கே வந்தாள்.
சண்டைக்கு என்று நினைத்து அடுப்பைத் தணித்தேன்.
கணக்கு நோட்டைக் கேட்டாள்.
யூனிட், கடன் தவணை, அப்பாவுக்குக் கொடுத்த வாடகை,
வரிசை வரிசையாய் விரல் வைத்துப் படித்தாள்.
‘இதையெல்லாம் எங்கிட்ட சொல்லவே இல்லயே அவரு.’
எங்களைத்தான் சொன்னாளோ என்று
இன்னும் யோசிக்கிறேன்.

கோர்ட்டில் இடைக்கால உத்தரவு:
இப்போதுள்ள நிலை அப்படியே தொடர வேண்டும்,
இரு தரப்பும் எதையும் தொடக் கூடாது.
மாடிப்படிக் கதவில் அதை ஒட்டிப் பூட்டிவிட்டுப் போனார் அமீனா.

தொடக் கூடாது என்றால்
துடைக்கவும் கூடாது.

ரோட்டுப் புழுதி, பாலிஷ் தூள், காக்கை எச்சம்,
சுண்ணாம்புக் கரட்டுப் பக்கமிருந்து காற்று வந்தால்
மாவு சலித்ததுபோல் ஒரு வெள்ளை.
நாளுக்கு எண்பது யூனிட் வந்த இடத்தில்
எழுபது. அறுபத்து மூன்று. ஐம்பத்திரண்டு.
வெயில் குறையவே இல்லை.
சேலத்தில் அது என்றைக்குக் குறைந்தது?

துடைக்க அனுமதி கேட்டு ஒரு மனு போட்டோம்.
எதிர்மனு தாக்கலாகவில்லை. வாய்தா.
நீதிபதி விடுப்பு. வாய்தா.
கோடை விடுமுறை.

நேற்று சாயங்காலம் சேர்வராயன் மலை கறுத்தது.
ஏற்காட்டில் பெய்கிறதாம் என்று ஜமீலா போன் செய்தாள்.
எட்டு மணிக்கு எங்கள் சந்துக்கும் வந்தது.
குடையை விரிக்காமல்
சாக்கடை உட்பட்ட அந்தப் பொதுச்சந்தில் நின்றேன்.
மாடித் தூம்பிலிருந்து
முதலில் வெளுப்பாய், பிறகு பழுப்பாய்,
பிறகு வெறும் தண்ணீராய்
என் கால்மேல் விழுந்தது.

இந்த வழக்கில் மழைக்கு
யாரும் சம்மன் அனுப்பவில்லை.

இன்று மீட்டர் எழுபத்தொன்று.
நோட்டில் எழுதி, பக்கத்தில்
‘நாங்கள் தொடவில்லை’ என்றும் எழுதிவைத்தேன்.
அடுத்த வாய்தா இருபத்தாறாம் தேதி.