தந்தை பெயர்

கிட்டாலே ஆய்வுக்கூடம். மின்சாரம் வந்து வந்து போகிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நெலிமா
இரண்டு மில்லிமீட்டர் குளவியின் வயிற்று நுனியை
இடுக்கியால் இழுக்கிறாள்.
உப்புநீர்த் துளிக்குள் எல்லாம் வழுக்கி வருகிறது.

முதலில் ஊசி.
கொட்டுவதும் அது, முட்டையிடுவதும் அது;
மக்காச்சோளத் தண்டுக்குள் நெளியும் புழுவுக்கு
இரண்டும் ஒரே குத்து.
பிறகு நஞ்சுப் பை, அதன் நூல் சுரப்பிகள்.
இரட்டைச் சூலகம், நொய்யரிசி முட்டைகள்.
எண்ணி முடிப்பதற்குள் கண்ணில் நீர் கட்டுகிறது.
அவை இறங்கும் கழுத்தில் நீலம் பாய்ந்த திரவம்,
அதில் ஒரு வைரஸ்:
புழுவின் காவலைத் தூங்கவைக்க
முட்டையோடு தாய்வீட்டுச் சீராகப் போவது.

கடைசியில்தான் விந்துப்பை.
கடுகை நூறாக உடைத்தால் அதில் ஒன்று.
அதன் வாய் திறந்தால் மகள்,
திறக்காவிட்டால் மகன்.

குவியத்தைத் திருகுகிறாள்.
காலி. கழுவிய கண்ணாடிபோல.
யாரோடும் சேராத குளவி;
இட்டிருந்தால் அத்தனையும் ஆண்,
அப்பன் இல்லாத ஆண்,
இறக்கை நான்கும் கொம்பு இரண்டுமாய்ப்
பறந்திருக்கும்.

ஏட்டில் சுழியம் எழுதுகிறாள்.

இழுப்பறைக்குள் வன்யோன்யியின் பள்ளிப் படிவம்
திங்களிலிருந்து கிடக்கிறது,
ஒரு கட்டம் மட்டும் நிரப்பாமல்.
அதே பேனாவால் அதில் ஒரு கோடு,
கை நடுங்காமல்.

அடுத்த குளவி.