வலப்பக்கத்துக் கப்

வலதுகால் அழுத்தும்போதெல்லாம் டொக்.
ஃபெராராவின் ஜனவரிப் பனிமூட்டத்தில்
என் உருவத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் போய்ச் சேரும்.
பேரிக்காய்க் கிடங்கின் காவலாளி
டொக் கேட்டதும் பொத்தானை அமுக்கிக் கதவைத் திறப்பான்,
குறுக்கெழுத்திலிருந்து தலை நிமிராமல்.

கிராங்கைப் பிடித்து ஆட்டினால்
விழப்போகும் பல் மாதிரி ஆடியது.

கீழ்வீட்டு இவானோ ஒயின் டம்ளரோடு வந்தான்.
"வலப்பக்கத்துக் கப்புக்கு மரை தலைகீழ்.
கழற்ற வேண்டுமா, வலஞ்சுழியாகத் திருப்பு.
உலகம் பூராவும் அப்படித்தான்."
உலகம் பூராவும் என்பவர்கள்
பொலோன்யாவைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

திருப்பினேன்.
அரைச் சுற்று வந்தது. பிறகு மலை.

மண்ணெண்ணெய் விட்டோம்.
ஸ்பேனர் பிடியில் தண்ணீர்க் குழாயைச் செருகி நான் தொங்கினேன்.
இவானோ, எண்பத்தாறு கிலோ,
அதன்மேல் ஏறி நின்று மெதுவாகக் குதித்தான்.
"துரு," என்றான். "பழைய துரு."
என் கட்டைவிரல் கிழிந்தது.
மேல்மாடி ஜன்னலைத் திறந்து மார்ச்செல்லா
மணி பதினொன்று, உங்கள் ரெண்டு பேருக்கும்தான்
மரை கழன்றுவிட்டது என்று கத்தினாள்.

தோற்றதைத் தோற்றபடி திரும்ப மாட்டினேன்.
மூன்றரைக்கு ஷிப்ட்.

பாலத்து ஏற்றத்தில்
ஏதோ குறைந்தது.
செயினின் முணுமுணுப்பு, என் மூச்சு,
அடியில் எங்கோ தண்ணீர்.
அவ்வளவுதான்.

கிடங்கு வாசலில் கதவு திறக்கவில்லை.
தட்டினேன்.
"யாரது?" என்றான் காவலாளி,
ஆறு வருஷத்தில் முதல்முறை.
"ஓர்னெல்லா."
வெளியே வந்து பார்த்தான். ஒரு கண் பழுப்பு,
இன்னொன்று கொஞ்சம் பச்சை.

காபி இடைவேளையில் டார்ச் அடித்து
பல்சக்கரத்துக்குப் பின்னால் கிரீசை வழித்தேன்.
கப்பின் விளிம்பில் பொறித்திருந்தது: 36 × 24.
ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக் டெலியோ சிரித்தே விட்டான்.
இத்தாலிய மரை. இரண்டு பக்கமும் நேர் மரை.
கழற்றுவதாக நினைத்து
ரெண்டு மணி நேரம் முறுக்கி இறுக்கியிருக்கிறோம்.

"ஆனால் நிற்காது," என்றான்.
"மிதிக்க மிதிக்கத் தானாகக் கழலும்.
ஓட்டாமல் சாத்தி வைத்தால்தான் கெட்டியாக இருக்கும்."

இவானோவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.
அவன் துருவை ஜெயித்த கதையை
இந்நேரம் பாதித் தெரு கேட்டிருக்கும்.

நாலு மாதம் தாங்கும் என்கிறான் டெலியோ.
அதற்குள்
அந்தக் காவலாளியின் பேரைக் கேட்டுவைக்க வேண்டும்.