டச் பார்க்கிறவன்

செவ்வாய்ப்பேட்டையில் என் கடைக்குப் பலகை கிடையாது.
கதவில் சாக்பீஸால் ஒரே வார்த்தை: டச்.
அது போதும். சிவதாபுரத்திலிருந்தும் பனங்காட்டிலிருந்தும்
கொலுசைத் துணியில் முடிந்துகொண்டு வருவார்கள்.

பளபளப்பை நான் பார்ப்பதில்லை.
பதினாறு வருஷமாய், அதைப் பார்த்து
ஏமாந்தவர்களைத்தான் பார்க்கிறேன்.
அரத்தால் ஓர் இழுப்பு, உளியால் ஒரு வெட்டு.
முலாம் ஒரு மயிரிழைதான்,
அடியில் செம்பு சிவக்கச் சிவக்கச் சிரிக்கும்.
"பார்த்தாலே தெரியுதேண்ணே, சுத்த வெள்ளி"
என்று வருகிறவனுக்கு என்னிடம் ஒரே பதில்:
பார்த்தா தெரியாது தம்பி.

அம்சவேணிக்கு நாலாம் மாசம்.
சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள்,
மாசமாய் இருக்கிற எல்லோருக்கும் எடுப்பதுதான்:
சர்க்கரை, ரத்தசோகை, மஞ்சள் காமாலை, இன்னும் இரண்டு.
அந்த இன்னும் இரண்டில் ஒன்று
சிபிலிஸ்.
நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாராம்.
அவள் அதையே மூன்று முறை சொன்னாள்,
கதவைச் சாத்தினதை.

குளியலறைக்குள் போய்
நாற்பது வாட்ஸ் பல்பில் என்னைப் பார்த்தேன்.
புண் இல்லை. தடிப்பு இல்லை. எரிச்சல் இல்லை.
காய்ச்சல் என்று படுத்தே இரண்டு வருஷம்.
வெளியே வந்து சொன்னேன்,
"எனக்கு ஒண்ணுமில்ல. வேணும்னா நீயே பாரு."

அவள் பார்க்கவில்லை.
சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்:
"கடையில இப்படித்தான் சீட்டு எழுதித் தர்றியா?
கண்ணால பார்த்து?"

தலை ஆடிக்கு அவள் தாய்வீட்டில் இருந்தாள்.
நான் சரக்கோடு கோலாப்பூரில், ஒரு லாட்ஜில்.
ஊர் திரும்பி மூணாம் வாரம் வலிக்காமல் ஒரு கொப்புளம்.
தேங்காயெண்ணெய் தடவினேன், போய்விட்டது.
உள்ளே போனதையும்
போய்விட்டது என்றுதானே சொல்கிறோம்.
இதை அவளிடம் சொல்ல
அந்த ரசம் ஆறும்வரை ஆயிற்று.
அவள் சாப்பிடவில்லை. தட்டைக் கழுவி வைத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் சுகவாழ்வு மையம்
எங்கே என்று கேட்க வாய் வரவில்லை.
எக்ஸ்ரே எடுக்கிற இடத்தைக் கேட்டுக் கேட்டு
இரண்டு முறை எக்ஸ்ரே வாசலுக்கே போனேன்.
ஒருவழியாய்ச் சேர்ந்தால், பெஞ்சில் பத்துப் பேர்.
கல்லூரிப் பையன், லாரி வைத்திருக்கிறவர்,
பட்டுச் சேலையில் ஒரு அம்மா.
எல்லோரும் என்னைப்போலவே
பளபளப்பாக இருந்தார்கள்.

ஆலோசகர் பெயர் ஜெபசீலி. திட்டவில்லை.
யாரோடு என்றுகூட அதட்டவில்லை.
"இருந்தா தெரியும்னு நெனச்சேன் மேடம்."
"அப்படி நெனச்சவங்கதான் பாதிப் பேர்" என்றார்,
பேனாவை உதறிக்கொண்டே. அது எழுதவில்லை.

குழாயில் பெயர் இல்லை, எண் மட்டும்.
என் கடையிலும் அப்படித்தான்.
கொடுத்துவிட்டுக் காத்திருப்பவனின் முகம்
எப்படி இருக்குமென்று
கண்ணாடி இல்லாமலே அன்றைக்குப் பார்த்தேன்.

சீட்டு வந்தது.
நான் எழுதித் தருகிற அளவில், சின்னதாக.
இருக்கிறது.
மருந்தும் இருக்கிறது, வாரம் ஒன்றாய் மூன்று வாரம்,
இரண்டு பக்கமும் பெனிசிலின்.
"பிள்ளைக்கு?" என்றாள் அவள்.
அந்த அறையில் அவள் பேசினது அது ஒன்றுதான்.
"நேரத்தோட வந்துட்டீங்க" என்றார் டாக்டர்.
நேரத்தோடு வந்தது நானில்லை.

திரும்புகிற டவுன் பஸ்ஸில் கூட்டமில்லை.
"சீட் காலியாத்தான இருக்கு, உட்காருங்க"
என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தார் கண்டக்டர்.
நாங்கள் நின்றோம்.
அவள் ஜன்னல் வழியே சேர்வராயன் மலையைப் பார்த்தபடி,
நான் அவளைப் பார்க்காதபடி.
வேகத்தடையில் பஸ் குதித்தது.
இருவருக்கும் ஒரே இடத்தில் வலித்தது.
அவள் மன்னிக்கவில்லை.
கம்பியில் என் கைக்கு மேல்
நாலு விரல் தள்ளி அவள் கை.

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.