கபிகுலே எல்லை, இரவு

பதினேழு கிலோமீட்டர் வரிசை.
நெஜ்தெத்தின் லாரிக்குள் இருநூறு சலவை இயந்திரங்கள்.
அவற்றுக்குச் சுங்கமில்லை, விசா வேண்டாம்,
எங்கே தங்குவாய் என்று கேட்பாரில்லை.
வங்கிக் கணக்கும்
திரும்பிவிடுவான் என்பதற்கான சான்றும்
ஓட்டுபவனுக்குத்தான்.

ரேடியோ சொல்கிறது:
பேச்சுவார்த்தையில் இந்த ஆண்டும்
புது அத்தியாயம் திறக்கவில்லையாம்.
முதல் அத்தியாயம் திறந்த வாரம்
குல்சினுக்கு முதல் பால்பல் விழுந்தது.
போன மாதம் அவள்
அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு
கொலோனில் வேலைக்கு எழுதிப்போட்டாள்.

பின்வண்டி க்ராசிமிர், பல்கேரியன்,
சர்க்கரை கேட்டு வந்தான்.
"உள்ளே எப்படி இருக்கிறது?"
"சாலை நன்றாகப் போட்டார்கள்.
அதில் ஏறித்தான்
எங்கள் தெரு மொத்தமும் ஜெர்மனிக்குப் போயிற்று."

முன்னால் விளக்குகள் எரிந்தன.
ஒரு லாரி நீளம்.
இருவரும் ஓடினார்கள்,
தேநீர்க் கெண்டி சாலையோரம்
கொதித்துக்கொண்டே இருந்தது.